சமவெளியிலும் ஆற்றங்கரையிலும் ஓடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலைப்பாங்கான இடத்தில் ஏற்றமும் இறக்கமும் ஓட்டத்தின் கடுமையைத் தீர்மானிக்கும். வயல்வெளியிலும் ஆற்றங்கரையிலும் அந்த வேலையைக் காற்று, காலடித் தரை, திரும்பும் இடம் ஆகிய மூன்றும் செய்கின்றன. தடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்த்துவிட்டு இந்த மூன்றையும் விட்டுவிடுவதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன.

மேடே இல்லாத தடம் உடம்புக்கு எளிதுதானே?

மூச்சுக்கு எளிது. கால்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஏற்றத்தில் பிட்டமும் கெண்டைக்காலும் கூடுதலாக உழைக்கும், இறக்கத்தில் முன்தொடை பாரம் தாங்கும். இப்படி வேலை மாறி மாறிப் போவதால் ஒவ்வொரு தசைக்கும் நடுவில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது. சமதளத்தில் அந்த மாற்றம் இல்லை. நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி என்று வைத்தால், ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 10,000 அடிகள். எல்லாம் ஒரே கோணத்தில், ஒரே நீளத்தில். முழங்காலின் வெளிப்பக்கத்திலும் குதிகால் தசைநாணிலும் மெல்ல வலி எடுக்க இதுவே காரணமாகலாம்.

மாற்றத்தை நாமேதான் உண்டாக்க வேண்டும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் அடியைக் குறுக்கி, வேகம் மாறாமல் அடி எண்ணிக்கையை மட்டும் கூட்டுங்கள். ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் 20 விநாடி வீதம் 4 முதல் 6 முறை விரைவோட்டம் சேர்க்கலாம். வழியில் பாலம் இருந்தால் அதன் ஏறுதளத்தை விடாதீர்கள். தார்ச்சாலையில் பாதி, மண்பாதையில் பாதி என்று தடத்தை அமைப்பது இவை எல்லாவற்றையும்விட நல்லது.

போன வழியே திரும்புவதா, சுற்றி வருவதா?

புதிய இடமென்றால் முதல் தடவை போன வழியே திரும்புங்கள். தரை எப்படி, நாய் எங்கே, எந்த மதகில் கைப்பிடி இல்லை என்பதெல்லாம் போகும்போதே தெரிந்துவிடும். ஆற்றங்கரையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அடுத்த பாலம் எவ்வளவு தூரம் என்று தெரியாமல் சுற்றுப்பாதை போட்டால், எதிர்க்கரையில் வீடு கண்ணுக்குத் தெரியும், போய்ச்சேர மட்டும் இன்னும் 8 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும்.

திரும்பும் இடத்தைத் தூரத்தை வைத்து முடிவுசெய்யாமல் நேரத்தை வைத்து முடிவுசெய்யுங்கள். 60 நிமிட ஓட்டம் என்றால் 28ஆவது நிமிடத்தில் திரும்பிவிடுங்கள். திரும்பும்போது களைப்பும் வெயிலும் கூடும். அந்த நான்கு நிமிடம் அதற்கு ஈடாகும். கரையை விட்டு ஊர்ச்சாலைக்கு இறங்கும் வழிகளை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கணுக்கால் பிசகினால் அவைதான் கைகொடுக்கும்.

முதலில் எதிர்க்காற்றா, பின்காற்றா?

பொதுவாகச் சொல்லப்படுவது, எதிர்க்காற்றில் தொடங்கிப் பின்காற்றில் திரும்பு என்பது. குளிரில் அது மிகச் சரி. வியர்த்த உடம்போடு எதிர்க்காற்றில் திரும்பினால் உடல் சடாரென்று குளிர்ந்துவிடும்.

வெயில் காலத்தில் கணக்கு மாறுகிறது. நீங்கள் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறீர்கள், காற்றும் அதே திசையில் 12 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பின்மேல் காற்றே படாது. வியர்வை வழியும், உலராது. உடல் ஏற்கெனவே சூடேறியிருக்கும் இரண்டாம் பாதியில் இது நடந்தால் தலைசுற்றல்வரை போகலாம். ஆகவே வெயிலில் பின்காற்றோடு புறப்பட்டு, எதிர்க்காற்றில் திரும்புங்கள். வேகம் குறையும், உடம்பு தாங்கும்.

போகும்போது இழந்ததை வரும்போது காற்று திருப்பித் தந்துவிடும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. காற்றின் தடை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மேலே சொன்ன கணக்கிலேயே, எதிர்க்காற்றில் உங்கள்மேல் படும் வேகம் 24 கிலோமீட்டர். காற்றில்லாத நாளைவிடத் தடை நான்கு மடங்கு. பின்காற்றில் அது பூஜ்யம். இரண்டுக்கும் சராசரி பார்த்தால் காற்றில்லாத நாளைவிட இரு மடங்கு. அதனால் காற்றடிக்கும் நாளில் கைக்கடிகாரம் காட்டும் வேகத்தைத் துரத்தாமல், மூச்சின் அளவை வைத்து ஓடுங்கள்.

வானிலை அறிக்கையில் வரும் காற்றின் வேகம் 10 மீட்டர் உயரத்தில் அளந்தது. ஆள் உயரத்தில் அது குறைவாகவே இருக்கும். ஆனால் கரைமேட்டின் உச்சியில் ஓடுபவருக்கு அந்தச் சலுகை பாதிதான். இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசைந்தால் 12 முதல் 19 கிலோமீட்டர் வேகம். புழுதியும் காகிதமும் பறந்தால் 20 முதல் 28. சிறு மரங்களே ஆடினால் 29க்கு மேல். கடைசி வகை நாளில் கரைமேட்டை விட்டு, அதன் காற்று மறைவுப் பக்கத்து அடிவாரப் பாதையில் ஓடுங்கள்.

நால்வர் சேர்ந்து ஓடினால் முன்னால் ஓடுபவரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். 2019 அக்டோபர் 12 அன்று ஆஸ்திரியாவின் வியன்னாவில் உள்ள பிராட்டர் பூங்காவில், கிட்டத்தட்டச் சமமான நேர்ச்சாலையில், கென்ய ஓட்டவீரர் எலியுட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் மராத்தான் தூரத்தைக் கடந்தபோது, அவருக்கு முன்னால் ஐவரும் பின்னால் இருவரும் எப்போதும் காற்றை மறைத்து ஓடினார்கள். அப்படி ஆள் மாறி மாறி வந்ததும் ஒரு காரணமாக, அது உலக சாதனையாகப் பதிவாகவில்லை.

பின்காற்றிலேயே ஒரே திசையில் 10 கிலோமீட்டர் ஓடி எடுத்த நேரத்தை என் சிறந்த நேரமாகக் கொள்ளலாமா?

உங்கள் மகிழ்ச்சிக்கு எழுதிவையுங்கள். வேறொரு நாளின் நேரத்தோடு ஒப்பிட வேண்டாம். சாலை ஓட்டச் சாதனைகளுக்கான விதியே இதை மனதில் வைத்து எழுதப்பட்டதுதான். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான நேர்த்தூரம் பந்தயத் தூரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மொத்த இறக்கம் கிலோமீட்டருக்கு 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. 2011இல் பாஸ்டன் மராத்தானில் கென்ய வீரர் ஜெஃப்ரி முட்டாய் நல்ல பின்காற்றில் 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் ஓடினார். அன்றுவரை எவரும் அவ்வளவு விரைவாக மராத்தான் ஓடியதில்லை. இருந்தும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் இறங்குதடம் என்பதால் உலக சாதனையாக ஏற்கப்படவில்லை.

ஆறு ஓடும் திசையில் ஓடினால் இறக்கமாக இருக்குமா?

உணரவே முடியாது. சமவெளியில் ஆற்றின் சரிவு கிலோமீட்டருக்குச் சில பத்து சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். பல இடங்களில் அதுகூட இருக்காது. பள்ளத்தாக்கின் வழியே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதே பெரிய வித்தியாசம்.

சமமான பாதையில் ஓடியும் கைக்கடிகாரம் 80 மீட்டர் ஏறியதாகக் காட்டுகிறதே?

ஜிபிஎஸ் உயரத்தைக் கணிப்பதில், இடத்தைக் கணிப்பதைவிட அதிகம் தவறும். ஒவ்வொரு முறையும் ஓரிரு மீட்டர் மேலும் கீழும் காட்டும். அந்த ஏற்றங்களை மட்டும் கூட்டினால் இல்லாத மலை வந்துவிடும். காற்றழுத்தத்தை வைத்து உயரம் கணிக்கும் கடிகாரம் இதில் மேல். ஆனால் அதிலும் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) குறைந்தால் 8 மீட்டர் ஏறியதாகக் காட்டும். மழை திரண்டுவரும் நாளில் நின்ற இடத்திலேயே நீங்கள் ‘ஏறிக்கொண்டிருப்பீர்கள்’.

இரண்டு பாலங்களை வைத்துச் சுற்றுத்தடம் போட்டேன். ஒரு கரை 3 கிலோமீட்டர், மறுகரை 3.3. அளவு தவறா?

தவறில்லை. ஆறு வளையும்போது வெளிக்கரைப் பாதை நீளும், உட்கரைப் பாதை சுருங்கும். இரு பாதைகளுக்கும் இடையே 200 மீட்டர் இடைவெளி இருந்து, ஆறு 90 பாகை திரும்பினால் வித்தியாசம் சுமார் 314 மீட்டர். முழுதாக 180 பாகை திரும்பினால் 628 மீட்டர். இடமும் வலமும் மாறி மாறி வளைந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும்; கடைசியில் ஆறு மொத்தம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதே கணக்கு. வேகப் பயிற்சியில் ஒரு கரைக்கு எடுத்த நேரத்தை மறுகரையோடு ஒப்பிடுவதற்குமுன் இதைக் கவனியுங்கள்.

அப்படியானால் தூரத்தைச் சரியாக அளப்பது எப்படி?

நல்ல மிதிவண்டி இருந்தால் போதும். டயரில் வழக்கமான காற்றை அடைத்து, நீங்கள் ஏறி உட்கார்ந்த நிலையில், வால்வு தரையைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். சக்கரம் 10 சுற்று சுற்றும்வரை நேராக உருட்டி மறுகோடு போடுங்கள். இடைத்தூரத்தை நாடாவால் அளந்து 10ஆல் வகுத்தால் ஒரு சுற்றின் நீளம் கிடைக்கும். சாலை மிதிவண்டிக்கு அது 2.1 மீட்டர் அளவில் இருக்கும். வெறும் சக்கரத்தைக் கையால் தள்ளி அளக்க வேண்டாம். ஆள் பாரத்தில் டயர் அமுங்கும். அந்தச் சில மில்லிமீட்டர் 10 கிலோமீட்டரில் பல மீட்டராகப் பெருகும். இந்த நீளத்தை மிதிவண்டி மீட்டரில் பதிந்துவிட்டு, வளைவுகளில் ஓடுபவர் போகும் குறுக்குக் கோட்டிலேயே ஓட்டுங்கள்.

அங்கீகரிக்கப்பட்ட பந்தயங்களிலும் அளவுகோல் சரிபார்த்த மிதிவண்டியில்தான் தடத்தை அளக்கிறார்கள். தடம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு 1 மீட்டர் சேர்த்தே போடுவது விதி. பந்தயத்தில் உங்கள் கடிகாரம் 10.1 கிலோமீட்டர் காட்டினால் தடத்தைக் குறை சொல்லும்முன் இதையும், வளைவுகளில் நீங்கள் வெளிப்புறமாகச் சுற்றியதையும், ஜிபிஎஸ் மரங்களுக்கடியில் தடுமாறுவதையும் எண்ணிப்பாருங்கள்.

ஆற்றங்கரையில் எந்த இடத்தில் தரை எப்படி இருக்கும்?

ஆற்றின் வளைவைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். வளைவின் வெளிப்பக்கத்தில் நீர் வேகமாக மோதிக் கரையை அரிக்கும். மேலே புல் முளைத்துக் கெட்டியாகத் தெரிந்தாலும் அடியில் மண் குடைந்துபோயிருக்கலாம். விளிம்புக்கு இணையாகத் தரையில் வெடிப்பு ஓடினால் அந்தப் பகுதி சரியக் காத்திருக்கிறது என்று பொருள். வெடிப்பிலிருந்து பல அடி உள்வாங்கி ஓடுங்கள். வளைவின் உட்பக்கத்தில் நீர் மெதுவாகிக் கொண்டுவந்ததைப் போட்டுவிட்டுப் போகும். அங்கே மணலும் வண்டலும். கரை சரியாது, கால் புதையும்.

மென்மணலில் ஓட, கெட்டித் தரையைவிடச் சுமார் 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும். குதிகால் புதைவதால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் இழுபடும். பழக்கமில்லாதவர் முதல் வாரங்களில் 5 நிமிடத்துக்குமேல் வேண்டாம். நீரோரத்து ஈரமணல் கெட்டியாக இருக்கும், ஆனால் நீரை நோக்கிச் சாய்ந்திருக்கும்.

காய்ந்த களிமண் கரை, சமவெளியில் கிடைக்கும் மிக நல்ல ஓடுதரை. அதே கரை மழை பெய்த மறுநாள் ஷூவின் அடியில் அப்பிக்கொள்ளும். ஒவ்வொரு காலிலும் பாரம் தூக்கிக்கொண்டு வழுக்கி வழுக்கி ஓட வேண்டியிருக்கும். நீங்கள் பதித்த குழிகள் காய்ந்து கெட்டியானபின் அடுத்த வாரம் வருபவரின் கணுக்காலைத் திருப்பும். ஈரக் களிமண் கரையை ஓரிரு நாள் விட்டுவிடுங்கள். உருட்டைச் சரளையில் அடியைக் குறுக்கி, பார்வையை 4–5 மீட்டர் முன்னால் வையுங்கள். வரப்பு ஓடுவதற்கானது அல்ல. ஓர் அடி அகலப் புல்லுக்கடியில் எலி வளை இருப்பது தெரியாது, பயிரும் மிதிபடும்.

மண்ணும் தாரும் கலந்த தடத்துக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் பல் உள்ள ஷூ பொருந்தும். அதற்குமேல் ஆழமான பல் தாரில் தேய்ந்து வீணாகும்.

ஒரு பக்க முழங்கால் மட்டும் வலிக்கிறது. தடம் காரணமாக இருக்குமா?

இருக்கலாம். மழைநீர் வடிவதற்காகச் சாலையை நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரித்தே போடுவார்கள். வழக்கமான சரிவு 2 முதல் 2.5 சதவீதம், ஓரத்தில் இன்னும் கூடும். ஒன்றரைப் பாகைதான் என்றாலும், ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 5,000 முறை அதே சாய்வில் இறங்குகிறது.

போய்த் திரும்பினால் சமமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. வாகனத்தை எதிர்நோக்கி ஓடுவதே பாதுகாப்பு. இடப்பக்கம் வாகனம் ஓட்டும் நாடுகளில் அப்படி ஓடினால் போகும்போதும் வரும்போதும் சாலையோரம் உங்கள் வலப்பக்கமே. அதாவது இரு வழியிலும் வலது கால்தான் தாழ்ந்த பக்கத்தில். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இடது கால். இதற்காக வாகனத்துக்கு முதுகு காட்டி ஓட வேண்டாம். வாகனமில்லாத கரைப்பாதைக்குப் போங்கள். அங்கே போகும்போது வலப்புறம் சாய்ந்த பாதை, அதே தடத்தில் திரும்பும்போது இடப்புறம் சாயும். இரண்டு வாரத்தில் வலி குறையாவிட்டால் காரணம் வேறு, மருத்துவரிடம் காட்டுங்கள்.

நிழல், தண்ணீர்?

ஆறு வடக்கு தெற்காக ஓடினால், காலையில் பாதைக்குக் கிழக்கே மரவரிசை இருக்கும் கரையையும், மாலையில் மேற்கே மரம் இருக்கும் கரையையும் தேர்ந்தெடுங்கள். நடுப்பகலில் எந்த மரமும் அதிகம் உதவாது.

ஒரு மணி நேரத்தைத் தாண்டும் வெயில் ஓட்டத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். தாகத்துக்குக் குடித்தால் போதும். தாகமே இல்லாமல் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். அது உயிருக்கே ஆபத்து. ஆறு பக்கத்தில் இருப்பதை நம்பிப் போகாதீர்கள். வயல்களின் மருந்தும் உரமும் வடிந்து சேரும் நீரைத் துணியில் வடிகட்டினால் அவை போகாது.

பாதைமேல் கணுக்கால் அளவுதான் தண்ணீர் ஓடுகிறது. கடக்கலாமா?

கூடாது. வேகமாக ஓடும் 15 சென்டிமீட்டர் நீரே வளர்ந்த ஆளைத் தடுமாறி விழவைக்கும். கலங்கிய நீருக்கடியில் பாதை அரித்துப்போயிருந்தாலும் தெரியாது. ஆற்றின் மேற்புறம் அணை இருந்தால், உங்கள் தலைக்குமேல் வானம் வெளுத்திருக்கும்போதும் நீர் ஏறும். நீர் திறப்பு அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். சிமெண்ட் பூசிய வாய்க்காலில் முகம் கழுவவும் இறங்காதீர்கள். சரிந்த பக்கச்சுவரில் பாசி படர்ந்திருக்கும். நல்ல நீச்சல்காரருக்கும் ஏறி வரப் பிடிமானம் கிடைக்காது.

திறந்தவெளியில் இடி வந்தால்?

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். 3 விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 விநாடிக்குள் இடி கேட்டால் 10 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுகிறது; ஓட்டத்தை நிறுத்தி, கட்டடத்துக்குள்ளோ கூரை மூடிய காருக்குள்ளோ போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். எதுவுமே அருகில் இல்லையென்றால் கரைமேட்டிலிருந்து இறங்கி, நீரோரத்தையும் கம்பி வேலியையும் தனிமரத்தையும் விட்டு விலகுங்கள். கூட்டமாக நிற்காமல் பிரிந்து போங்கள். சமவெளியில் சுற்றிலும் உயரமானது நீங்கள்தான் என்பதால் இதில் தயக்கமே கூடாது.

விடியற்காலையில் கவனிக்க வேண்டியது?

பனிமூட்டமும் தாழ்ந்த சூரியனும். அமைதியான, மேகமில்லாத இரவுக்குப் பிறகு ஆற்றோரம் மூட்டம் கட்டும். சூரியன் ஏறியதும் கலையும். கண்முன் 100 மீட்டர் தெரியாவிட்டால் சாலைப் பகுதியை அன்று விட்டுவிடுங்கள். கிழக்கு நோக்கிய சாலையில் சூரியன் எழுந்த முதல் அரைமணி நேரம் ஓட்டுநர் கண் கூசும். உங்கள் நிழல் எதிரே வரும் வாகனத்தை நோக்கி நீண்டு விழுந்தால் அந்த ஓட்டுநருக்கு நீங்கள் தெரியவில்லை என்றே வைத்துக்கொண்டு சாலையை விட்டு இறங்குங்கள். இருட்டில் ஒளி திருப்பும் பட்டையைக் கணுக்காலில் கட்டுங்கள். அசையும் கால்தான் மார்பைவிடச் சீக்கிரம் கண்ணில் படும்.

நாய், மாடு, பாம்பு?

நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்துங்கள். ஓடும் கால்தான் அதைத் தூண்டுகிறது. முறைக்காமல், முதுகைக் காட்டாமல், பக்கவாட்டில் மெல்ல நடந்து விலகுங்கள். கடித்தாலோ கீறினாலோ ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். மறுநாளுக்குத் தள்ளக் கூடாது. பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே ஒருபோதும் புகாதீர்கள். பாம்புகள் அந்தி நேரத்தில் வெதுவெதுப்பான பாதையில் கிடக்கும். இருட்டியபின் கையில் விளக்கில்லாமல் புல்கரையில் ஓட வேண்டாம்.

வயலில் மருந்து தெளித்துக்கொண்டிருந்தால் காற்று வரும் பக்கமாகச் சுற்றிப்போங்கள். வழியில்லையென்றால் திரும்பிவிடுங்கள்.

இந்தத் தடத்தில் மட்டும் பழகி மலைப்பந்தயத்துக்குப் போகலாமா?

போகலாம், ஒரு தயாரிப்போடு. ஏற்றத்துக்கு எதிர்க்காற்றும் மணலும் ஓரளவு பழக்கும். இறக்கத்துக்கு எதுவும் பழக்காது. மறுநாள் படியிறங்க முடியாமல் முன்தொடை பிடித்துக்கொள்வது இறக்கத்தால்தான். 6 மீட்டர் உயரக் கரைமேட்டில் 10 முறை ஏறி இறங்கினால் 60 மீட்டர். முதல் வாரம் 6 முறையில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு கூட்டி, இறங்கும்போது குறுகிய அடிகளில் கட்டுப்பாட்டோடு இறங்குங்கள். பந்தயத்துக்கு 10 நாள் முன்பு இதை நிறுத்திவிட வேண்டும்.